செவலை ஒன்னு ரெண்டு மூனு

பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் தெருவின் மூத்த தலைக்கட்டு, ஐயா சோணைமுத்து அவர்களே! முறுக்கிய மீசையும் முழுக்கைச் சட்டையுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! கோலமிட்ட கை காயும் முன்னே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இவன் எப்போது இறங்குவான், பாட்டுக் கச்சேரி எப்போது தொடங்கும் என்று கடைசி வரிசையில் காத்து நிற்கும் மாப்பிள்ளைகளே! அவனியாபுரம் மண்ணில் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் இந்த ராம்கியின் வணக்கம்.

நான் படித்து முடித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் வெளியே வந்தவன்.

என்னடா அங்க விசிலு? ஆமா, நானாத்தான் வந்தேன். யாரும் தொரத்தல.

பட்டம் வாங்கவில்லை. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து, சுவருக்குச் சுவர் ஆணி அடித்து, உங்கள் வீட்டில் இண்டர்நெட் பெட்டி மாட்டியவன் நான். அதனால் உங்கள் ரகசியம் ஒன்று எனக்குத் தெரியும். பதற வேண்டாம், குடும்ப ரகசியம் அல்ல. வைஃபை ரகசியம்.

பெட்டி மாட்டி முடித்ததும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி கேட்டேன். 'பாஸ்வேர்டு என்ன போட?' பெற்ற பிள்ளையின் பேரைச் சொன்னவர் உண்டா? இல்லை. கட்டிய மனைவியின் பேரைச் சொன்னவர் உண்டா? இல்லவே இல்லை! தொழுவில் நிற்கும் காளையின் பேரைச் சொன்னார்கள்!

சிரிக்காதீங்க மதினி. ஒங்க வீட்லயும் அதேதான்.

நான் கேட்கிறேன். தை பிறந்தால் வாடிவாசலில் மைக் வைத்து முழங்குகிற பேர் அது. முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸில் மாலையோடு நிற்கிற பேர். பனியனில் அச்சடித்து, பைக்கில் ஒட்டி, பச்சை குத்திக்கொள்ளும் பேர். ஊரே உச்சரிக்கும் பேர் ரகசியமா? உலகறியக் கூவும் பேர் பூட்டா?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். லேத் பட்டறை வைத்திருக்கும் பாண்டிராஜ் மாமா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். அவருடைய காளை செவலை. தொட்டவன் இல்லை, பிடித்தவன் இல்லை, அப்படியொரு மாடு. இரண்டு வருடத்துக்கு முன் அவர் வீட்டில் பெட்டி மாட்டினேன்.

'செவலைன்னு போடு மாப்ள.'

'மாமா, இங்கிலீசுல ஏழெழுத்துதான் வருது. பெட்டி எட்டெழுத்து கேக்குது. ஒன்னு ரெண்டு மூனு சேத்துரவா?'

'சேத்துரு சேத்துரு. மேட்ச் ஓடிக்கிட்டிருக்கு, மறைக்காத.'

சேர்த்தேன். ஒரு நிமிட வேலை.

போன ஆவணியில் அவர் மகன் விக்ரம் போலீஸ் தேர்வில் எல்லாம் ஜெயித்திருந்தான். எழுத்து முடிந்தது, ஓட்டம் முடிந்தது, கயிறு ஏறியாயிற்று. நன்னடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு காலையில் வாசலில் ஜீப் நின்றது. ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் இறங்கினார்கள். விக்ரமின் தாய் கனகலட்சுமி அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசாரணைக்கு வந்துவிட்டார்கள் என்று காபி கலந்து கொண்டுவந்தார்.

'எம் மகன் தங்கம் மேடம். பீடி, சிகரெட்டு, ஒன்னும் கிடையாது. தெருவுல யாரை வேணா கேளுங்க.'

'உக்காருங்கம்மா. நாங்க அதுக்கு வரல.'

எங்கோ ஒரு பெண்பிள்ளை. அவள் படத்தை எடுத்து, அவள் பேரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, வாயில் சொல்லக் கூசும் எழுத்துகளை எவனோ எழுதியிருக்கிறான். எங்கிருந்து எழுதினான் என்று காவல்துறை தடம் பிடித்துக்கொண்டே வந்தது. அந்தத் தடம் பாண்டிராஜ் மாமா வீட்டு இண்டர்நெட்டில் வந்து நின்றது.

மேசையில் விக்ரமின் லேப்டாப். திறந்தால் திறக்கும், பூட்டே கிடையாது.

'இதை யாரெல்லாம் தொடுவீங்க?'

'எல்லாரும்தான் மேடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக கேம் வெளையாடும்.'

'அப்ப எழுதுனது நீ இல்லைன்னு நான் எப்படிப்பா நம்ப?'

பதினாறு கிலோமீட்டர் ஓடச் சொன்னால் ஓடுவான் விக்ரம். அந்தக் கேள்விக்கு லேப்டாப்பை எடுத்து நீட்டத்தான் முடிந்தது. லேப்டாப் போனது. நாலு செல்போனும் போனது. வேலைக்கான கோப்பும் அப்படியே நின்றது.

என்னைக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்க, பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் நுழையவும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. கம்பெனி கொடுத்ததை நானும் மாற்றவில்லை, அவர்களும் மாற்றவில்லை. யார் யார் இந்த வைஃபையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். வீட்டில் இருந்த நாலு செல்லும் ஸ்டேஷனில் இருக்கின்றன. பட்டியலில் பதினைந்து செல் ஓடிக்கொண்டிருக்கிறது!

மாமா தலையில் கை வைத்தார். 'அடப்பாவிகளா, நான் கட்டுற பில்லுல தெருவே படம் பாத்திருக்கேடா!'

பாஸ்வேர்டை மாற்றப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் அம்மா தடுத்தார். 'தம்பி, கையை எடு. மாத்துனா அவன் திரும்ப வரமாட்டான்.'

தெருவில் ஒவ்வொரு செல்லாகக் கேட்டுக் கழித்தோம். பதினாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் யாருடையதும் இல்லை. பட்டியலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் செல் அன்றே பட்டியலிலிருந்து மறைந்தது. நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்கு மறுபடி வந்தது. எட்டிப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவர் நிழலில் பைக்கைச் சாய்த்து ஒருவன் செல்லை நோண்டிக்கொண்டிருக்கிறான். வீட்டை ஒட்டிய லேத்துக்கு வேலை கொடுக்க வந்து காத்திருக்கும் ஆள்! போன் போட்டேன், சப்-இன்ஸ்பெக்டர் வந்து பிடித்தார். வழக்கு நடக்கிறது, பேர் வேண்டாம். அவன் சொன்னதை மட்டும் கேளுங்கள்.

'ஜல்லிக்கட்டுல மாட்டுப் பேரைக் கேட்டிருக்கேன் மேடம். சும்மா போட்டுப் பாத்தேன். மூனாவது தடவையில தொறந்துருச்சு.'

ஹேக்கர் என்றதும் கடல்தாண்டி, கருங்கண்ணாடி போட்டு, கம்ப்யூட்டருக்குள் புகுந்து வருவான் என்று நினைக்கிறோம். அப்படியும் வருகிறான். நம் சுவரில் சாய்ந்து, நம் மாட்டின் பேரைச் சொல்லியும் வருகிறான்.

அவனைக் கூட்டிப்போன பிறகு பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தால், மாமா மறித்தார். 'மாட்டுப் பேரை எடுத்தா செவலைக்கு ஆகாது மாப்ள.'

அத்தை கதவோரம் நின்று ஒரே கேள்வி கேட்டார். 'மாட்டுக்கு ஆகாதா, மகனுக்கு ஆகாதா? எது பெருசுன்னு நீயே சொல்லு.'

மாமா எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். மாற்றினேன்.

என்ன வைக்க வேண்டும்? ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொல் வையுங்கள். கருவாடு, சைக்கிள், மேகம், சல்லடை. இப்படி நீளமாக இருந்தால், உட்கார்ந்து யோசிப்பவனுக்கு ஆயுள் போதாது.

என்னங்கய்யா? அதையே வச்சுக்கிறீங்களா? ஐயா, மைக்குல சொன்னதை வைக்காதீங்கன்னுதான இம்புட்டு நேரமா கத்துறேன்!

பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். விருந்தாளி வைஃபை கேட்டால் முறைக்க வேண்டாம், விருந்தாளிக்கென்று தனி வழி அதே பெட்டியில் இருக்கிறது. லேப்டாப்புக்குப் பூட்டுப் போடுங்கள். செல்லில் 'அப்டேட்' என்று வந்தால் கொசுவை அடிப்பது போலத் தள்ளிவிடாதீர்கள், அது ஓட்டை அடைக்கும் சிமெண்ட். காதுகுத்துப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்து, திறக்கும்போது 'இன்ஸ்டால் செய்' என்றால் அது பத்திரிகையே அல்ல. தாய்மாமன் நம்பரிலிருந்து வந்தாலும் முதலில் மாமனுக்கு ஒரு போன் போடுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள்.

விக்ரம் என்ன ஆனான்? குற்றமில்லை என்று கோப்பு நகர்ந்தது. ஆனால் அவனோடு ஓடிய பையன்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இவன் நாலு மாதம் கழித்து அடுத்த அணியில் போனான். வேலை கிடைத்துவிட்டதே என்பீர்கள். தன்னோடு கயிறு ஏறியவனுக்கே இவன் வாழ்நாள் முழுக்க ஜூனியர். அந்த நாலு மாதத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தராது.

அவன் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய அன்று அத்தையிடம் போனேன். 'அந்த ஒன்னு ரெண்டு மூனு நான் போட்டது அத்தை' என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

'அதையே எத்தனை வீட்டுல போட்டிருக்க?'

'நூத்திப் பத்து வீடு இருக்கும்.'

'அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டிருக்க?'

அன்று நடக்கத் தொடங்கினேன், தாய்மார்களே. தொண்ணூற்று மூன்று வீடு முடிந்தது. பதினேழு பாக்கி. 'அப்புறம் வா', 'அவர் இல்ல', 'எங்க வீட்டுல என்னத்த இருக்கு திருட' என்று திருப்பி அனுப்பிய பதினேழு பேரும் இந்தப் பந்தலில்தான் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் வாரேன். காசு வேண்டாம், காபி வேண்டாம். கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

கச்சேரியைத் தள்ளிவைத்துக் காது கொடுத்த உங்களுக்கும், மைக்கைப் பிடுங்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் என் நன்றி. நாளை பதினேழு வாசலில் சந்திப்போம். வணக்கம்!