பதினோராவது பத்தி

எந்தப் படிவத்தையும் முழுதாகப் படிக்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் என்னைக் கண்கொத்திப் பாம்பு என்பார்கள். நெறிமுறைக் குழுவின் செயலாளர் வேறு எப்படி இருக்க முடியும்?

எங்கள் ஆய்வு இதுதான். ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, பார்வை மங்கியவர்களின் விழித்திரைக்குப் பின்னால் ஊசியால் செலுத்துவது. பணம் அரசுடையது. நிபந்தனையும் அரசுடையது: யாருக்காவது பாதிப்பு நேர்ந்தால் ஒரே நாளில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும் ஊசி நிற்கும்.

முதல் ஊசி ஒரு தையல்காரருக்கு. ஆறாம் வாரம் சுவரைத் தடவிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"இருந்த வெளிச்சமும் போச்சு சார். ஊசில நூல் கோக்கத்தான் கண்ணு கேட்டேன். இப்ப ஊசியே எங்க இருக்குன்னு தெரியல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"வீக்கமா இருக்கும். கொஞ்ச நாள் பொறுங்க," என்றேன்.

அவர் போனதும் பாதிப்பு அறிக்கையை நிரப்பினேன். தேதி மட்டும் போடவில்லை. பத்து நாளில் அரசின் மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த மூன்றாண்டுக்கு நிதி. ஆய்வு நின்றுபோனால் எத்தனையோ பேருக்கு வழி அடைபடும். ஒரு கண்ணா, ஆயிரம் கண்ணா? அறிக்கையை இழுப்பறையில் வைத்தேன்.

அந்தப் பத்து நாளில் ஊசி போட இருந்தவர்கள் நான்கு பேர். நான்காவது என் அக்கா. பட்டியலில் சேர்த்தவன் நான்தான். அவளுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதில் பக்கத்தில் வரும் முகம் தெரியும். அவள் பெயரை அடித்தால் மருத்துவர் காரணம் கேட்பார்.

படிக்க முடியாதவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்தேன்.

"எல்லாத்தையும் படிச்சியாடா? ஓட்டமா ஓடுற."

"படிச்சிட்டேன்க்கா."

"சரி, நீ படிச்சா நான் படிச்ச மாதிரி. என் விரலப் பிடிச்சு வை, எங்க போடணும்னு."

பதினோராவது பத்தியை விட்டிருந்தேன். இதற்குமுன் யாருக்கும் பாதிப்பு நேர்ந்ததா என்று எழுத வேண்டிய இடம். நான்தான் எழுதவில்லையே. காலி இடத்தை எப்படிப் படிப்பது?

மதிப்பீட்டுக் குழு திருப்தியாகப் போனது. நிதி வந்தது. நான்கு பேருக்கும் இருட்டிவிட்டது.

அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டால், "நீதானேடா?" என்று கை நீட்டி என் முகத்தைத் தடவுவாள். இமைக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"உன் மேல தப்பில்லடா," என்பாள். தினமும் சொல்வாள்.

நேற்று இந்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தையல்காரரையும் பதினோராவது பத்தியையும் மட்டும் விட்டேன். அவளுக்கு அவரைத் தெரியாது.