ஏழாம் தாங்கியின் சைபர்

– சைபர் எண்டு நீதானே அடிச்சுத் தந்த, றம்ஸியா? இப்ப வால்வைத் திறக்காதீங்க எண்டா என்ன கதை?

– மச்சான், மெதுவாக் கதைங்க. இது கொம்பியூட்டர் அறை, துறைமுகமில்ல.

– கப்பல் காத்துக் கிடக்கு புள்ள. எண்ணெய் இறக்கோணும். சீனன்குடாவில எல்லாரும் என்ட கையைத்தான் பாக்கிறாங்க. ஏழாம் எண்ணெய்த் தாங்கி வெறுமையா இல்லையா? ஒரு சொல்லுச் சொல்லு.

– ஒரே ஒரு சொல்லுத்தான் வருது மச்சான், அதுதான் பிழை.

– என்ன?

– தாங்கில எவ்வளவு எண்ணெய் எண்டு பாக்க கொம்பியூட்டரில நான் ஒரு பங்ஷன், சின்னக் கணக்கு புரோகிராம், எழுதினனான். தாங்கியை அளக்கிறவர் எழுதித் தாற துண்டில உள்ள அளவைக் குடுத்தா ஒரு இலக்கத்தைத் திருப்பித் தரும். ஒண்டுக்கு மேல தர இந்தக் கொம்பியூட்டர் மொழியில இடமில்ல.

– ஒரு தாங்கிக்கு ஒரு இலக்கம் காணாதா?

– காணாது. எவ்வளவு எண்டும் சொல்லோணும், உண்மையா அளந்ததா எண்டும் சொல்லோணும். ரெண்டு பதில். இது வெறும் தாங்கிக்கும் சைபர் தருது, அளக்காத தாங்கிக்கும் சைபர் தருது.

– அளக்காட்டி மைனஸ் ஒண்டு தா எண்டு எழுதியிருக்கலாமே, பெரிய படிச்ச பொம்பிள!

– எழுதிப் பாத்தனான். மொத்தம் கூட்டேக்க அந்த மைனஸ் ஒண்டையும் எண்ணெயெண்டு நினைச்சுக் கூட்டிட்டுது. ரெண்டு பதிலைச் சேர்த்துத் தாற மொழிகளும் இருக்காம், புத்தகத்தில கண்டன். எங்கட மெசின் பழைய சாமான்.

– அப்ப ஏழில எண்ணெய் இருக்கா?

– தெரியா. முந்தநாள் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நேத்தையத் துண்டை இப்பதான் தேடி எடுத்தன். அளவு எழுதுற இடம் வெறுமையாக் கிடக்கு.

– அல்லாஹ்வே! தாங்கிக்குப் பக்கத்தில குணரத்தினத்தார் நாலு பேரோட வெல்டிங் செய்றார். வழிஞ்சா நெருப்புத்தான். தா அந்தப் போனை... ஹலோ, அபூதாஹிரா? அன்ஸார் கதைக்கிறன். ஏழாம் வால்வில கை வைக்காதீங்க. ஓம், ஓம், என்ட பொறுப்பு.

– அல்ஹம்துலில்லாஹ்.

– மனேஜர் பெரியவர் கேப்பார், ஆரு அளக்காம விட்டதெண்டு.

– துண்டில கையெழுத்து இருக்கு. என்ட தம்பி றஊப்.

– கூடப்பிறந்தவன் புள்ள. வேலை போயிடும். அடுத்த மாசம் உன்னைக் கல்யாணம் முடிச்சு நான் வந்து இருக்கப்போறது உங்கட வீட்டில. உங்கட உம்மாட முகத்தில எப்படி முழிக்கிற?

– உம்மாட்ட நான் கதைப்பன். அஞ்சு உயிரை விட அவன்ட வேலை பெருசில்ல. நீங்க சொல்லாட்டி நானே போய்ச் சொல்லுவன்.

– நில்லு. போகாத.

– கையை விடுங்க மச்சான். என்ன பயம் உங்களுக்கு?

– றஊப் நேத்து வேலைக்கே வரல்ல. வேற வேலை கேட்டுப் புல்மோட்டைக்குப் போனவன். வீட்டில சொல்லவேணாம் எண்டு கெஞ்சினான்.

– அப்ப இந்தக் கையெழுத்து?

– அவன்ட பேரில நான்தான் போட்டன். பொய் அளவு எழுதக் கை வரல்ல, அதை வெறுமையா விட்டன். இண்டைக்குச் சைபரைக் கண்டதும், பிறகு ஆரோ அளந்திருக்காங்க எண்டு நம்பிட்டன். போ புள்ள, பெரியவரிட்டப் போய்ச் சொல்லு. ஆனா றஊபைச் சொல்லாத, என்னைச் சொல்லு.