புதுவரவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூரில் பாதி ஊர் கறிக்கடை வாசலில் நிற்கும். நானும் தரணியும் மட்டும் பொங்கலூர் ரோட்டில் காரில் போய்க்கொண்டிருப்போம். ஜன்னலை இறக்கிக் காற்றில் கையை நீட்டுவாள். உள்ளே எடு என்றால் உடனே எடுத்துவிடுவாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண், சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அவளை வைத்து யார் யாரோ என்னென்னவோ சொல்கிறார்கள்.

என் பெயர் முருகவேல். தாராபுரம் ரோட்டில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன், குழந்தைகள் உடை மட்டும். தரணி என் மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் விவாகரத்தாகிவிட்டது. அம்மாவும் பெண்ணும் சோமனூரில் இருக்கிறார்கள். ஞாயிறு பகலில் நான் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த உத்தரவின் கடைசியில் ஒரு வரி, 'குழந்தைக்கு விருப்பமிருந்தால்.' வெளிநாட்டுக்காரன் தரும் ஆர்டரிலும் இப்படி ஒரு வரி இருக்கும், மொத்த ஆர்டரும் அதில்தான் தொங்கும். அதனால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தரணிக்கு விருப்பம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேலை.

முதலில் பார்க்குக்குப் போனோம், ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம். மத்தியானம் ஆவதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டு, "எப்பங்கம்மா கூட்டீட்டுப் போவீங்க?" என்று கேட்பாள். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குப் பிள்ளை இருந்தால் தெரியும்.

அப்புறம்தான் சலாவுதீன் பாயின் மிருகக்காட்சிசாலை. பனியன் ஏற்றுமதியில் சம்பாதித்ததைக் கொண்டுபோய் ஒரு தோப்புக்குள் கொட்டியிருக்கிறார் மனிதர். நம்மூர் விலங்கென்றால் வனத்துறை விடாது என்பதால் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. கிளிகள், பெரிய ஓணான்கள், ஆள் உட்காரும் முக்காலி அளவுக்கு ஓர் ஆப்பிரிக்க ஆமை. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஈமுக்கோழி வளர்த்து ஏமாந்தார்களே, அதில் மிச்சமான ஒன்றும் நின்றது. தரணி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். ஈமுவுக்கு வாத்தியார், ஆமைக்கு இட்லி. அங்கே தீனி போட்டுக் கூடு கழுவுகிறவள் மயிலாள், மூலனூர்க்காரி. தனிக்கட்டை. தரணிக்கென்று ஒரு கேரட்டை எடுத்து வைத்திருப்பாள். "வாங்க கண்ணு, இட்லி உங்களைக் காணோம்னு கேட்டுச்சு" என்பாள். தரணி சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் வாத்தியார் வயதாகிச் செத்துப்போனது. அதில் என் கை இல்லை, பாயையே கேட்டுக்கொள்ளலாம். அவர் துணிக்காரர் இல்லையா, கூடு காலியாகக் கிடந்தால் ஷோரூமில் காலி ஷெல்ஃபைப் பார்த்த மாதிரி பதறுவார். அடுத்த வாரமே அங்கே ஒட்டகக் கழுத்தும் ஆட்டு ரோமமுமாக ஒரு லாமா நின்றது. வாசலில் ஜவுளிக்கடை கணக்காக ஒரு பேனர், 'புதுவரவு'. தரணி காரிலிருந்து குதித்து ஓடினாள், பாதியில் நின்று திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். லாமாவுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள். அன்று அம்மாவுக்குப் போன் போடவே இல்லை.

பிறகு பல வாரங்கள் புதிதாக ஒன்றும் வரவில்லை. இருக்கிற கூடுகள் அத்தனைதான், அத்தனையிலும் ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது. தரணி கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துப்போனாள். "போன வாரம் பாத்ததேதானுங்களே அப்பா" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், "அடுத்த ஞாயித்துக்கெழம டான்ஸ் கிளாஸ் இருக்குதுங்க" என்றாள். டான்ஸ் கிளாஸ் அவள் அம்மாவின் ஏற்பாடு என்று எனக்குத் தெரியாதா? பயந்துபோனேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் பாயிடம் போய், "புதுசா எதாச்சும் எறக்குங்க பாய்" என்று கேட்டேன். "எடம் எங்கீங்க இருக்குது முருகவேலு? ஒண்ணு போனாத்தானே ஒண்ணு வரும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லவில்லை.

மார்கழிப் பனிக்குக் கூடுகளில் விரித்துக்கொள்ளட்டும் என்று கம்பெனியில் சேரும் துண்டுத்துணியை மூட்டை மூட்டையாகக் கொடுத்திருந்தேன். எல்லாம் வெள்ளை பனியன் துணி. திருப்பூரில் அது ஒரு விஷயமே இல்லை. லாரி துடைப்பதும் அதில்தான், ஆட்டுக்குட்டிக்குப் படுக்கை போடுவதும் அதில்தான். ஒரு நாள் ஆமை அதில் ஒன்றைச் சவைத்துக்கொண்டிருந்தது. மயிலாள் பதறிப்போய் வாய்க்குள் விரலைவிட்டு உருவினாள். "இது உள்ள போச்சுன்னா கொடல அடைச்சுப்போடுமுங்க. வாயில்லாச் சீவன், வலிக்குதுன்னுகூடச் சொல்லாது" என்றாள். அன்றைக்கே எல்லாக் கூட்டிலிருந்தும் துணியை வாரி வெளியே போட்டுவிட்டாள். அவள் சொல்லாவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. சாயப்பட்டறை உப்பை ஆடு மாடு தேடித்தேடி நக்கும், இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். துணியை அதில் ஊறப்போட்டுக் கீரைக்கட்டுக்குள் சுருட்டி எடுத்துப்போனேன். தரணியிடமும் ஒரு கட்டைக் கொடுத்தேன், அதில் வெறும் கீரைதான். என் கட்டை நான் போட்டேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இட்லிக்கு ஊட்டினோம். அப்பாவும் பெண்ணுமாக அப்படி நிற்பதைப் பார்த்தவர்கள் போட்டோ எடுத்துக்கொடுத்தார்கள். ஆமைக்கு நாளானது, பொறுமையான பிராணி. ஆனால் போனதும் ஒரு குட்டைக் குதிரை வந்தது.

அதன்பிறகு சில கூடுகள் அப்படித்தான் காலியாயின. நான் அவற்றை வெறுக்கவில்லை. கம்பெனியில் சீசன் மாறினால் நல்ல டிசைனைக்கூட நிறுத்திவிடுவோம், டிசைன்மேல் கோபமா என்ன? தரணி வாராவாரம் காரில் ஏறியதுமே கேட்க ஆரம்பித்தாள், "ஏனுங்கப்பா, புதுசா என்னங்க வந்திருக்குது?" கேட்கும்போது என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவு ஆவல். போகப்போகப் புதியவற்றுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டாள். பிள்ளை வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டான்ஸ் கிளாஸ் பேச்சும் நின்றுபோயிற்று. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள். காய்ச்சலாக இருந்த அன்றும் வந்தாள். அவள் அம்மா வேண்டாம் என்றும் கேட்கவில்லையாம். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, சார்.

பஞ்சுவின் முறை வந்தபோது ஒரு தவறு செய்தேன். ஜெர்மனிக்காரன் ரத்து செய்த ஆர்டரில் மஞ்சள் துணி நிறைய மிஞ்சியிருந்தது, சின்னச் சின்ன வாத்துப் படம் போட்டது. மெல்லிய துணி. பனியன்காரன் துணியைத் தொட்டு எடையைத்தான் பார்ப்பான், படத்தைப் பார்க்கமாட்டான். அதே துணியில் தரணிக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்திருந்தது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. லாமா செத்ததும் டாக்டர் அறுத்துப் பார்த்திருக்கிறார். வயிற்றுக்குள் துணி உருண்டை. கூட்டத்தில் எவனோ தூக்கிப் போட்டிருப்பான் என்று பாய் விட்டுவிட்டார். மயிலாள் விடவில்லை. அந்தத் துணியை அலசிக் காயப்போட்டு வைத்திருந்தாள்.

லாமாவின் இடத்தில் ஒரு நெருப்புக்கோழி வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. சாயங்காலம், கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தரணி வாசல் பக்கம் சோளக்கதிர் வாங்கப் போயிருந்தாள். நெருப்புக்கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குமேல் ஆழமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, தரையோடு தரையாக. மோட்டார் பழுதென்று மயிலாள் இரும்பு மூடியைத் தள்ளிவைத்து வாளியில் மொண்டுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் காட்டினாள்.

"ஏனுங்க, இது பாப்பா போட்டிருந்த கவுனுத் துணிங்களே?"

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், தரணியை இன்னும் காணோம்.

"நீங்க மூட்டையில குடுத்ததெல்லாம் வெள்ளைங்க. இது எப்பிடிங்க பஞ்சு வவுத்துக்குள்ள போச்சு?"

"அப்பறம் பேசிக்கலாம் மயிலா."

"பாயிகிட்டச் சொல்லாம எனக்குச் சோறு எறங்காதுங்க. நாஞ் சொல்றதுக்கு முன்னால நீங்களே சொல்லிப்போடுங்க. பாப்பா மூஞ்சிக்காகத்தான் உங்ககிட்ட மொதல்ல சொல்றேன்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் இப்போதும் கோபம் இல்லை. ஆனால் பாய்க்குத் தெரிந்தால் கோர்ட்டுக்குத் தெரியும், அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் என்ன மதிப்பு? அவள் திரும்பவும் வாளியைப் பிடித்துக் குனிந்தாள். நான் முதுகில் கை வைத்தேன். அதிகம் பலம் தேவைப்படவில்லை. பிறகு மூடியை இழுத்து மூடினேன். மூடி சரியாகப் பதியவில்லை, கொஞ்சம் ஆடியது. அதனால் மேலே உட்கார்ந்துகொண்டேன்.

தரணி சோளக்கதிரோடு வந்தாள். "மயிலாக்கா எங்கீங்கப்பா?" என்றாள். ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்றேன். "வா கண்ணு, வந்து அப்பா மடியில உக்காரு" என்றேன். பிரிந்ததிலிருந்து அவள் என் மடியில் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தாள். சோளம் சூடாக இருந்தது, நான் ஊதி ஊதிக் கொடுத்தேன். நெருப்புக்கோழி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்பா, உள்ளார யாரோ தட்டறாங்க."

"மோட்டாருங் கண்ணு. காத்துப் புடிச்சிருக்குது."

"மோட்டாரு கெட்டுப்போச்சுன்னு அக்கா சொன்னாங்களே?"

"இப்ப சரியாப் போச்சு. நீ சாப்புடு."

அவள் சாப்பிடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சத்தம் நின்றதும் அவளைக் காருக்குப் போகச் சொல்லிவிட்டு மூடியைப் பழையபடி திறந்து வைத்தேன். மயிலாள் காட்டிய துணியும் அவளோடே தொட்டிக்குள் போய்விட்டது. தண்ணீர் மொள்ளும்போது தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளுக்காகக் கேட்க ஆளும் இல்லை. அடுத்த வாரம் ஒடிசாவிலிருந்து புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருந்தார். தரணி அவரிடம் பேசவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்றிருந்தேன்.

மயிலாளைக் கொன்றது நான்தான். ஆமையை, லாமாவை, நடுவில் போன மற்றவற்றைக் கொன்றதும் நான்தான். இதில் பாய்க்கோ வேறு யாருக்குமோ பங்கில்லை. வக்கீல் வேண்டாம். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோர்ட்டில் ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் தரணி பேசியதாக ஒன்றைப் படித்துக் காட்டினீர்கள். "எது செத்துப்போச்சுன்னு கேக்கப் பயமுங்க. அதனாலதான் புதுசா என்ன வந்திருக்குதுன்னு கேப்பேன். நான் போகாட்டி அப்பா எல்லாத்தையும் சாகடிச்சுப்போடுவாங்க. அதான் காச்சல்லயும் போனேன்." இதை எட்டு வயதுப் பிள்ளை தானாகச் சொல்லுமா? அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. தொட்டிச் சத்தத்தை அவள் சொன்னது நிஜம், பிள்ளை பொய் சொல்லமாட்டாள். ஆனால் மற்றது அவள் பேச்சில்லை. வாரம் தவறாமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து ஓட்டிப்போன எனக்குத் தெரியாதா, என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று?

நாளை ஞாயிற்றுக்கிழமை. அவள் வரமாட்டாள் என்கிறீர்கள். வருவாள் சார். கம்பிக்குப் பின்னால் என்னை அவள் இதுவரை பார்த்ததில்லை, புதிது என்றால் தரணி கட்டாயம் வருவாள்.