கோடு இல்லாத அட்டை

“என் நியூட்ரான் குறைச்சல்னா குறைச்சலாவே இருக்கட்டும்!”

அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்த பெண் சொன்னாள். எழுபதுகளின் தொடக்கம் அது. அவள் மடியில் ஒரு பெட்டி நிறைய, கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் துளை போட்ட அட்டைகள். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் அவளுக்குச் சீனியர் போலிருந்தது.

“லேப்ல நிஜமாவே கரண்ட்டை ஒரே வீச்சுல பாய்ச்சி, வாயுவை நசுக்கி அணுக்களை இணைக்கிறாங்க. அவங்களுக்கு அள்ளி அள்ளி நியூட்ரான் வருது. அதையே நீ கம்ப்யூட்டர்ல போடற கணக்குல வரலையேம்மா.”

“வரலைன்னா, நம்ம கணக்குல இல்லாத ஏதோ ஒண்ணு அங்கே நடக்கறதுன்னு அர்த்தம் சார்.”

“புரொபசர் அதெல்லாம் கேக்க மாட்டார். அதான் நானே ஒரு அட்டை அடிச்சு உள்ள சொருகிட்டேன். விடையைப் பெருக்கிக் காட்டும். ரெண்டும் ஒத்துப்போயிடும், தீசிஸும் முடிஞ்சுடும்.”

“என்னைக் கேக்காமலா?”

“உன் நல்லதுக்குத்தான்.”

கீழே சிதறினால் வரிசை தெரியவேண்டுமென்று, அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்து வைத்திருந்தாள். கோடு இல்லாத அந்த ஒரே அட்டையைக் கண்டுபிடித்து உருவினாள். வழியெல்லாம் கடகடத்துக்கொண்டு வந்த ஜன்னல் கண்ணாடியின் இடுக்கில் அதை மடித்துச் செருகினாள். சத்தம் நின்றது.

“இந்த வேலைக்குத்தான் இது லாயக்கு.”

“புரொபசர்கிட்ட என்னம்மா சொல்லப் போறே?”

“ஏன் குறையறதுங்கறதுதான் இனிமே என் தீசிஸ்னு சொல்லப் போறேன்.”