மூன்று கோப்பை நெல்

ஜெனூபா: மூண்டு கோப்பை நெல்லயும் கடிச்சிப் பாத்திட்டீங்களா வாப்பா?

ஸைனுலாப்தீன்: பொறு மகள்... முதல் கோப்பை நல்லாக் காஞ்ச நெல்லு. இப்பவே மில்லில போட்டுக் குத்தலாம்.

ஜெனூபா: ரெண்டாவது?

ஸைனுலாப்தீன்: ம்... ஈரம். ரெண்டு வெயில் வேணும். மூண்டாவதுக்கு ஒரு வெயில் காணும். சரி, இனி உன்ட விளக்கப் பத்த வெய்.

ஜெனூபா: பத்தித்தான் இரிக்கி.

ஸைனுலாப்தீன்: எங்க? பியூஸ் போன பல்ப் மாதிரிக் கிடக்கு!

ஜெனூபா: கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஃபோன் கேமராவால பாருங்க.

ஸைனுலாப்தீன்: அட... மினுங்குது!

ஜெனூபா: உள்ளுக்கு நீல எல்ஈடி. மேல நான் கம்பஸ் லேப்பில செஞ்ச பொடி. நீலத்த விழுங்கிட்டு, சிவப்புக்கும் அங்கால உள்ள வெளிச்சத்தத் தரும்.

ஸைனுலாப்தீன்: டிவி றிமோட்டிலயும் அதுதானாம். உன்ட தம்பி முஸ்தாக் சொன்னான்.

ஜெனூபா: அதில ஒரே நிற வெளிச்சம், ஒடுங்கின ஒழுங்கை மாதிரி. இதில கன நிறம், அகல ரோட்டு. நெல்லுக்குள்ள இரிக்கிற தண்ணி அதில ஒரு துண்டக் குடிச்சிரும். எவ்வளவு குடிச்ச எண்டு இந்த மீட்டரில பாத்தா ஈரம் தெரியும்.

ஸைனுலாப்தீன்: நாப்பது வருசமா என்ட பல்லுக்குத் தெரியாததா...

ஜெனூபா: அப்ப போன கிழமை குத்தின அரிசி ஏன் அவ்வளவும் உடைஞ்சிச்சி?

ஸைனுலாப்தீன்: அது... மெஷின்ட பிழை.

ஜெனூபா: நாப்பத்தி மூண்டு தரம் இந்தப் பொடிய உலையில போட்டன் வாப்பா. இதுதான் மங்காம நிக்கிது. நாளைக்கி எங்கட பேராசிரியர் வாறாரு. நம்மட மில்லில சோதிக்க நீங்க ஓமெண்டு சொல்லணும். இல்லாட்டி வேற ஊர் மில்லுக்குப் போயிரும்.

ஸைனுலாப்தீன்: முதல்ல உன்ட விளக்கு என்ன சொல்லுது?

ஜெனூபா: முதல் கோப்பை... நூத்துக்குப் பதினாறு ஈரம். ரெண்டாவது, பதினாறு. மூண்டாவதும் பதினாறு.

ஸைனுலாப்தீன்: ஹா! மூண்டுக்கும் ஒரே கத! நாப்பத்தி நாலாம் தரமும் உலையில போடு, போ!

ஜெனூபா: வாப்பா... மூண்டும் ஒரே சாக்கு நெல்லு.

ஸைனுலாப்தீன்: கதவச் சாத்து. முஸ்தாக்குக்குக் கேட்டிரும்.

ஜெனூபா: சாத்திட்டன்.

ஸைனுலாப்தீன்: பெருநாளுக்குப் பொறகு கடவாயெல்லாம் கட்டுப்பல்லு மகள். நெல்லு உடையிறது ஒண்டும் விளங்குதில்ல. வெக்கத்தில... வாயில வந்தத்தச் சொல்லிட்டு இரிக்கன். உம்மாக்கும் தெரியா. உன்ட பேராசிரியர நாளைக்கி வரச் சொல்லு. ஓம்... நம்மட மில்லிலயே வெய்ங்க.

ஜெனூபா: அவரிட்டப் போன மாசமே சொல்லிட்டன் வாப்பா, கிணத்தடிக் கட்டில உங்கட பல்லு ஊறின கிளாஸக் கண்ட அண்டைக்கே. ஒரே சாக்கில மூண்டு கோப்பை அள்ளினதும் உங்கட வாயால ஓமெண்டு சொல்ல வெக்கத்தான்.