எல்லாப் பலகைகளையும் திருப்பிய அம்புக்குறி

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் ஒலிபெருக்கியைத் தொடுவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வண்ணங்களோடு வாழ்ந்து, எழுத்துருக்களோடு வளர்ந்து, வாடிக்கையாளர்களோடு வாதாடியே தலை நரைத்த மூத்த வடிவமைப்பாளர்களே, "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்த பிள்ளைக்காகச் சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும் தாய்மார்களே, அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பிக் கழுத்தை நீட்டிய என் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"கோப்புகளைக் காப்பது எப்படி" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வடிவமைப்பாளர் அல்ல. ஒரு வடிவமைப்பாளரைக் கட்டிக்கொண்டவள். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்திய வடிவமைப்புக் கடையில், வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள். "இன்னைக்குத் தரேன்னீங்களே" என்று கேட்டவர்களிடம், "இப்பதாங்க கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருக்கு" என்று முகம் கோணாமல் சொன்னவள். எது ஓடிக்கொண்டிருந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை.

என் கணவரைத் தொழிலில் எல்லோரும் பெரியவர் என்பீர்கள். அவர் தம்பியைச் சின்னவர் என்பீர்கள். இருவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். பெரியவர் இடப்பக்கம், மூன்றாம் வரிசையில். சின்னவர் வலப்பக்கக் கோடியில், கதவை ஒட்டி. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தொழிலைக் கற்று, ஒரே கடையில் உழைத்த இருவரும் இன்று ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் நீங்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் இந்த நிலை? கோப்புகளைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேருவேன். அதற்கு முன்னால் நம் தொழிலின் பெருமையைக் கொஞ்சம் பாடிவிடுகிறேன்.

அவையோரே, அழிவில்லாதது எது? ஆகாயமா? ஆழியா? அல்ல, அல்ல. நம் கணினிகளில் "கடைசி" என்று பெயரிட்ட கோப்புதான். அதற்கு முடிவே கிடையாது. இன்று "கடைசி" பிறக்கும். நாளை "கடைசி புதுசு" பிறக்கும். வாடிக்கையாளரின் மைத்துனர் ஒரு கருத்துச் சொல்வார், "இதுதான் கடைசி" பிறக்கும். மைத்துனரின் மனைவிக்குப் பச்சை பிடிக்காது, "சத்தியமா கடைசி" பிறக்கும். என் கணவர் ஒருமுறை மனம் வெறுத்து "இதைத் தொடாதே" என்றே ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தார். எல்லோரும் முதலில் அதைத்தான் தொட்டார்கள். அச்சுக்குப் போனதோ, "வேண்டாம் பழசு" என்ற கோப்பு.

கோப்புறைகளின் பெருமை இதற்குக் குறைந்ததா? "புதிய கோப்புறை" என்று ஒன்று இருக்கும். ஆவலோடு திறப்பீர்கள். உள்ளே இன்னொரு "புதிய கோப்புறை" இருக்கும். அதையும் திறந்தால், தொலைந்தே போய்விட்டது என்று நான் ஒரு வாடிக்கையாளரிடம் குரல் தழுதழுக்கச் சொன்ன அதே சின்னம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோப்பைத் தேடிக் கோபப்பட்டு, கோபத்தில் கோட்டைவிட்டு, கோட்டைவிட்டதைக் கலை என்று கொண்டாடும் கூட்டம் நம் கூட்டம்.

நடுவரிசையிலிருந்து ஒருவர் ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? "எங்க கடையில அப்படியெல்லாம் இல்லீங்க" என்கிறார். மிக்க மகிழ்ச்சி. உங்கள் மடியில் இருக்கும் கணினியைக் கொண்டுவாருங்கள், இந்தப் பெரிய திரையில் போட்டு எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். உட்கார்ந்துவிட்டார். நன்றி ஐயா.

எங்கள் கடையில் சின்னவர் மட்டும் வேறு மாதிரி. ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை. அதற்குள்ளே வாடிக்கையாளர் கொடுத்தது தனி, நடக்கிற வேலை தனி, அனுப்பி முடித்தது தனி. அனுப்பியதைப் பூட்டிவிடுவார், பிறகு யாரும் கைவைக்க முடியாது. எதை மாற்றினாலும் பழையது அப்படியே இருக்கும், புதியதற்குப் பக்கத்தில் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி இருக்கும். அண்ணனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"அண்ணே, மாத்தும்போது ஒரே ஒரு வரி எழுதிடுங்கண்ணே. நாளைக்கு நமக்கே புரியணுமில்ல?"

"நாம டிசைன் பண்றோமா, குமாஸ்தா வேலை பாக்குறோமா? எல்லாம் என் மண்டையில இருக்குடா."

அந்த மண்டையை நான் நன்றாக அறிவேன். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பதும் அதில்தான் இருந்தது. நாங்கள் பலமுறை பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருக்கிறோம்.

இப்படியிருக்க, ஒரு பெரிய மருத்துவமனையின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. புதிய கட்டடம். எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று காட்டும் வழிகாட்டிப் பலகைகள் அத்தனையையும் வடிவமைக்க வேண்டும். பலகை ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி உண்டு அல்லவா? அதை ஒவ்வொரு பலகையிலும் புதிதாக வரையவில்லை. அம்புக்குறியைத் தனிக் கோப்பாக வைத்து, எல்லாப் பலகைகளையும் அதனோடு இணைத்துவிட்டார்கள். அம்பின் தடிமனைக் கூட்டினால் எல்லாப் பலகைகளிலும் கூடும். நிறத்தை மாற்றினால் எல்லாப் பலகைகளிலும் மாறும். அருமையான ஏற்பாடு. மருத்துவமனைக்காரர்கள் பலகை பலகையாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அன்று எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

ஒப்புதலுக்குப் பிறகு, பலகை செய்பவருக்குக் கோப்புகள் போவதற்குள், யாரோ ஒருவர் அந்த அம்புக்குறியைத் திறந்தார். ஏதோ ஒரு பலகையில் மட்டும் அம்பு இடப்பக்கம் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பலகைக்குள் திருப்பியிருக்க வேண்டும். அவரோ மூலக் கோப்பையே இடவலமாகத் திருப்பி, அதே பெயரில் சேமித்து மூடிவிட்டார். என்ன ஆயிற்று? வலம் காட்டியதெல்லாம் இடம் காட்டியது. இடம் காட்டியதெல்லாம் வலம் காட்டியது. நேரே போ என்று மேல்நோக்கி நின்ற அம்புகள் தரையைப் பார்த்தன. மறுபடி சரிபார்த்தோமா என்று கேட்காதீர்கள். ஒப்புதல் வாங்கிய பிறகு எந்த வடிவமைப்பாளர் பார்த்திருக்கிறார்?

திறப்புக்கு முந்தைய நாள் பலகைகள் சுவரேறின. ஒத்திகையாகப் பல் மருத்துவரின் அறையைத் தேடிப் போன ஊழியர் துணி வெளுக்கும் அறைக்குள் நின்றார். அறுவை அரங்குக்குப் புறப்பட்ட மருத்துவர் சமையற்கூடத்தில் போய் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமைச் செவிலியர் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன். அவர் கத்தவில்லை. "ஏம்மா, எங்க ஆஸ்பத்திரியில கண் டாக்டரைப் பாக்கணும்னா கார் நிறுத்துற இடத்துக்குத்தான் போகணுமா? தெரிஞ்சா நாங்களும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டுடுவோம்" என்றார். சிரிக்கிறீர்கள். நல்லது, இப்போதே சிரித்துவிடுங்கள்.

மருத்துவமனை நிர்வாகி கடைக்கே வந்தார். அண்ணனும் தம்பியும் எதிரே நின்றார்கள்.

"யாருங்க மாத்துனது?" என்றார்.

அவையோரே, இந்தக் கேள்விக்கு ஒரு கடையில் பதில் இல்லை என்றால் அங்கே என்ன நடக்கும்? பழைய கோப்பு இல்லை, அதன்மேலேயே புதியது ஏறிவிட்டது. மாற்றியவர் பெயர் இல்லை. ஏன் மாற்றினார் என்ற ஒரு வரி இல்லை. இருந்தது என் கணவரின் மண்டை ஒன்றுதான். அது சொன்னது, "பலகை செய்யறவருக்கு அனுப்புனது இவன்தான். கடைசியா தொட்டது இவனாத்தான் இருக்கணும்."

"அம்புக்குறியை நான் திறக்கவே இல்லண்ணே."

"அப்போ அது தானா திரும்பிக்கிச்சா?"

சின்னவர் அண்ணனைப் பார்த்தார், நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி போகும்வரை நின்றார். பிறகு தன் மேசையைத் துடைத்துவைத்துவிட்டு, "வரேன் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த தெருவில் சொந்தமாகக் கடை போட்டார். பலகைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டோம், மருத்துவமனை திறந்தது, கண் நோயாளிகள் கண் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில்தான் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் போனபிறகு கடையில் நான் அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். போன வாரம் எங்கள் கடையின் பழைய கணினியைத் தூக்கிப்போட முடிவு செய்தோம். அதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று பெரியவர் பார்த்தார். பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் எட்டிப் பார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் சின்னவர் அதில் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். கடையில் யார் எந்தக் கோப்பைச் சேமித்தாலும், அதன் முந்தைய நிலை ஒரு நகலாக அங்கே போய்த் தங்கும். எந்தக் கணினியிலிருந்து சேமித்தார்கள் என்பதும் கூடவே தங்கும். அந்த அம்புக்குறியும் இருந்தது. வலம் பார்த்த அம்பு. அடுத்து இடம் பார்த்த அம்பு. திருப்பிய கணினி, என் கணவருடையது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மருந்தகம் இடப்பக்கம் வர வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து யாரோ தொலைபேசியில் சொல்ல, தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு, திருப்பிச் சேமித்திருக்கிறார். அடுத்த நிமிஷம் மறந்திருக்கிறார். தம்பி அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை.

இன்று காலை புறப்படும்போது என்னிடம் சொன்னார், "நீ பேசும்போது சொல்லிடு. அவன் முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியல." சொல்லிவிட்டேன். அவர் அனுமதியோடுதான் சொன்னேன்.

ஆனால் இனிமேல் சொல்லப்போவது அவருக்கே தெரியாது. சற்றுமுன் வாசலில் சின்னவரைப் பார்த்தேன். கேட்டேன், "தம்பி, அந்த நகலெல்லாம் நீங்க வெச்சதுதானே. அன்னைக்கே திறந்து காட்டியிருக்கலாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே பாத்துட்டேன் அண்ணி. அண்ணன் என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் காட்டல?"

"ஆஸ்பத்திரிக்காரர் நின்னுட்டிருந்தாரே."

"அவர் போனப்புறமாவது?"

"அண்ணனே தேடிப் பாப்பாருன்னு இருந்தேன் அண்ணி" என்றார்.

அவையோரே, அன்பானவர்களே. எதற்காகப் பழைய பிரதியைக் காக்க வேண்டும்? தவறு செய்தவரைப் பிடிக்கவா? பிடித்து என்ன செய்யப் போகிறோம்? செய்யாதவரை விடுவிக்கத்தான் காக்க வேண்டும். எதற்காக ஒரு வரி எழுத வேண்டும்? நினைவு நல்லவர்களுக்கும் துரோகம் செய்யும் என்பதற்காக எழுத வேண்டும். எதற்காகப் பெயர் போட வேண்டும்? கோபம் வரும்போது கைக்கு அகப்பட்டவர் மேல் பழியைப் போடாமல் இருப்பதற்காகப் போட வேண்டும். மாற்றியவர் யார் என்று தெரியாத கடையில் மாற்றாதவர்தான் வெளியே போகிறார். கோப்பை மீட்டுவிடலாம், பலகையை மீட்டுவிடலாம். படியிறங்கிப் போனவரை மீட்க எந்தக் கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது?

பெரியவர் தன் சார்பில் என்னையே மன்னிப்பும் கேட்டுவிடச் சொல்வார். அதை நான் செய்யமாட்டேன். அவர் மாற்றியதை அவர்தான் திருத்த வேண்டும்.

எழுந்துவிட்டார். மூன்றாம் வரிசைக்காரர்களே, கால்களைக் கொஞ்சம் மடக்கி வழிவிடுங்கள். மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள், நான் இப்போது நன்றி சொல்லப் போகிறேன். நிதானமாகத்தான் சொல்வேன். என்னை அழைத்த சங்கத்தாருக்கு நன்றி. பொறுமை காத்த தலைவர் அவர்களுக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி. ஒலிபெருக்கியைச் சரிசெய்தவருக்கு நன்றி. விளக்குப் போட்டவருக்கு நன்றி. திரும்ப வேண்டாம் என்றேனே ஐயா, நடுவரிசைக்காரரே, உங்களுக்கும் நன்றி. தண்ணீர் வைத்தவருக்கும், இனிமேல் வைக்கப் போகிறவருக்கும் நன்றி.

சின்னவர் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த குடையை எடுத்துக் கீழே வைக்கிறார். பெரியவர் அதில் உட்கார்ந்துவிட்டார். இனி நான் முடித்துக்கொள்ளலாம். அனைவருக்கும் வணக்கம்.