பின்பாட்டு மட்டும்

ஹட்டன் பஸ் தலவாக்கலையில், மூடுபனிக்குள் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான், கேட்டேன். சன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்:

“காலைல தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முன்னாடி கோயில்ல போடுற பாட்டுல, அவன் கொரல மட்டும் எடுத்துட்டாங்க.”

“அவன் பாட, ஒங்க மக பின்பாட்டு பாடுன பாட்டா?”

“அதேதான்.”

“நல்லதுதானே அக்கா. ஒங்க மகளக் கட்டி, அவளையே கொன்னுட்டு ஜெயில்ல இருக்கான். அவன் பாட்டு அம்மனுக்கு எதுக்கு?”

“நானும் அதத்தான் கோயில் தலைவர்கிட்ட கேட்டேன். மக கொரலாவது இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல பிரிச்சு எடுத்தாங்க.”

“இப்ப எப்படி இருக்கு?”

“அவன் பாடுற எடத்துல மேளம் மட்டுந்தான் கேக்குது. அப்புறம் அவ பாடுறா. யாரோ கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கு. மொத நாளு லயத்து வீடுகள்ல ஒருத்தரும் கதவத் தொறக்கல.”

“ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க அக்கா.”

“வேணாம். அந்த எடத்த இப்ப நான் பாடுறேன்.”

இளையவர் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

“அவன் பாடுனதையா?”

“அவன் பாடுனதத்தான். வேற எதப் பாடுனாலும் அவ பதில் பொருந்த மாட்டேங்குது.”